சுவருக்குள் சீறும் தண்ணீர்: குழாய்க் கசிவைக் காதால் தேடுவது

சுவரில் ஈரம் பூத்த இடத்திலேயே உளியை வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. நான்கு டைல்ஸ் உடைந்து, காரை பெயர்ந்து, குழாய் கண்ணுக்குத் தெரிந்த பிறகு பார்த்தால் அது உலர்ந்து கிடக்கும். தண்ணீர் வேறெங்கோ கசிந்து, குழாயின் வெளிப்புறத்தைப் பிடித்துக்கொண்டே ஓடி, காரை எங்கே இளகியிருக்கிறதோ அங்கே வெளியே வந்திருக்கும். மாடிக் குளியலறையின் கசிவு கீழ்த்தளத்துப் படுக்கையறையின் மூலையில் கறையாகத் தெரிவது புதிதில்லை. கறையைப் பார்த்துச் சொல்ல முடிவதெல்லாம் தண்ணீர் எங்கே வந்து சேர்ந்தது என்பது மட்டும்தான்.

ஓசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது கசிகிற இடத்திலேயே பிறக்கிறது. பிறந்த பிறகு அதுவும் குழாய் வழியே ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறது என்பதுதான் சிக்கல். அதனால் காதால் கசிவைத் தேடுபவருக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, ஓசை இருக்கிறதா என்று அறிவது. இது எளிது, கொஞ்சம் பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். இரண்டாவது, அது எந்த அடியில் பிறக்கிறது என்று சொல்வது. அனுபவமுள்ளவர்களையும் ஏமாற்றுவது இந்த இரண்டாவது வேலைதான். ஓசை பலமாகக் கேட்கும் இடம்தான் ஓட்டை என்று நினைத்து உடைப்பவர், ஈரத்தைப் பார்த்து உடைப்பவரைவிடப் பெரிதாக எதையும் சாதித்துவிடுவதில்லை.

ஓசை எப்படிப் பிறக்கிறது

வீட்டுக் குழாயில் 3 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அழுத்த விசைப் பம்பு உள்ள வீடுகளில் இது இயல்பான அளவு. இந்த அழுத்தத்தில் ஒரு சிறு துளை வழியே வெளியேறும் நீர் நொடிக்கு ஏறக்குறைய 24 மீட்டர் வேகத்தை எட்டுகிறது. மணிக்கு 88 கிலோமீட்டர்; நெடுஞ்சாலையில் கார் போகும் வேகம். துளையின் விட்டம் 1 மில்லிமீட்டர்தான் என்றாலும், அது வழியே ஒரு நாளில் சுமார் 1,000 லிட்டர் வெளியேறிவிடும். ஒப்பிட்டுப் பாருங்கள்: நொடிக்கு ஒரு சொட்டு வீதம் சொட்டும் திருகுகுழாய் நாளொன்றுக்கு வீணாக்குவது ஏறத்தாழ 20 லிட்டர். கண்ணில் படும் சொட்டுக்கு உடனே வாஷர் மாற்றுகிறோம். கண்ணில் படாதது ஐம்பது மடங்கைக் கொண்டுபோகிறது.

இத்தனை வேகத்தில் நெருக்கியடித்து வெளியேறும் நீர் ஒழுங்காகப் போவதில்லை. துளையின் விளிம்பில் உரசி, சுழன்று, சிதறுகிறது. அந்தக் கொந்தளிப்பு குழாயின் சுவரையும் உள்ளே நிற்கும் நீரையும் ஒருசேர அதிரச் செய்கிறது. ‘ஸ்ஸ்ஸ்’ என்ற சீறல் இப்படி வருகிறது. துளையைத் தாண்டிய நீர் மண்ணிலோ காரையிலோ மோதும்போது எழும் தட்டொலி இன்னொரு வகை. மண்ணுக்குள் அது குடைந்துவைத்த பொந்தில் நீர் சுழல்வது மூன்றாவது; ஊற்று பொங்குவது போன்ற களகளப்பு. இந்த மூன்றில் சீறல் மட்டும்தான் குழாய் வழியே வெகுதூரம் பயணம் போகும். மற்ற இரண்டும் சோம்பேறிகள். துளைக்கு அருகிலேயே அடங்கிவிடும். அதனாலேயே அவற்றுக்கு மதிப்பு அதிகம். சீறலோடு களகளப்பும் சேர்ந்து கேட்டால் ஓட்டையை நெருங்கிவிட்டோம் என்று பொருள்.

சொட்டுச் சொட்டாக விழும் நீரின் ‘ப்ளிங்க்’ ஓசை வேறு இனம். நீர்ப்பரப்பில் துளி மோதுவதால் அந்த ஓசை வருவதாகத்தான் எல்லோரும் நினைப்போம். துளி விழுந்ததும் நீருக்குள் சிக்கிக்கொள்ளும் ஒரு காற்றுக்குமிழி அதிர்வதே அதற்குக் காரணம். குமிழியின் அளவுக்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பை 1933-இல் நெதர்லாந்து அறிவியலாளர் மார்செல் மின்னார்ட் கணக்கிட்டுக் காட்டினார். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்கு சுமார் 3,300 முறை அதிரும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள் அது வருவதால்தான் நள்ளிரவில் ஒரு சொட்டு நம்மைத் தூங்கவிடாமல் செய்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் அதிவேகக் கேமராவைக் கொண்டு இதை நுணுக்கமாகப் படம்பிடித்தார்கள். கீழே உள்ள நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்தால் பரப்பு இழுவிசை மாறி ஓசை நின்றுவிடும் என்பது அவர்கள் சொன்ன கூடுதல் தகவல். பிளம்பர் வரும்வரை தூங்குவதற்கு உதவும்.

கசிவைத் தேடுபவர் முதலில் மறக்க வேண்டிய ஓர் எண்ணம்: பெரிய ஓட்டை, பெரிய சத்தம். உண்மை பெரும்பாலும் தலைகீழ். ஊசித்துளை அழுத்தத்தோடு சீறும். குழாய் நீளவாக்கில் பிளந்து தண்ணீர் தாராளமாகக் கொட்டும்போது அங்கே அழுத்தமே விழுந்துவிடுவதால் ஓசையும் மங்கிவிடும். துளையைச் சுற்றியுள்ள பொந்து முழுவதும் நீர் நிரம்பிவிட்டால் மோதும் ஒலியும் அமுங்கிப்போகும். வீடே நனையும் அளவுக்குக் கொட்டும் கசிவு ஊமையாக இருப்பதும், மீட்டரில் மெல்ல நகரும் கசிவு ஓயாமல் கத்துவதும் உண்டு.

ஏன் சுவரில் காதை வைத்தால் கேட்பதில்லை

நீரிலிருந்து காற்றுக்குத் தாவும்போது ஒலி தன் சொத்தை முழுக்க இழக்கிறது. நீரும் காற்றும் அடர்த்தியிலும் விறைப்பிலும் அவ்வளவு வேறுபடுவதால், இரண்டும் சந்திக்கும் பரப்பில் ஒலியாற்றலில் ஏறக்குறைய 99.9 விழுக்காடு திரும்பி உள்ளேயே போய்விடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே வரும். உலோகத்திலிருந்து காற்றுக்கு வரும்போது நிலைமை இதைவிட மோசம். குழாய்க்குள் ஒரு சீறல் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தும் அறையில் நிற்பவருக்கு எதுவும் கேட்காததன் காரணம் இதுதான். ஓசை இல்லாமல் இல்லை. காற்றுக்கு வருவதற்கு அதற்கு வாசல் இல்லை.

வாசல் வேண்டுமென்றால் திடப்பொருளைத் திடப்பொருளோடு தொட வேண்டும். 1816-இல் பாரிஸில் மருத்துவர் லேனெக், நோயாளியின் மார்பில் நேரடியாகக் காதை வைக்கத் தயங்கி ஒரு காகிதச் சுருளை இடையில் வைத்துக் கேட்டார். பின்னர் மரக்குழல் செய்துகொண்டார். ஸ்டெதாஸ்கோப் அப்படிப் பிறந்தது. குடிநீர்த் துறையினர் பயன்படுத்தும் கேட்புக்கோல் அதன் ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். ஒரு முனையில் மெல்லிய உலோகக் கம்பி, மறுமுனையில் காதில் பொருத்த ஒரு கிண்ணம். மின்கலம் கிடையாது, பெருக்கியும் கிடையாது. மின்னணுக் கருவிகள் வந்த பிறகும் இந்தக் கோலைக் கைவிடாத தொழிலாளிகள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

வீட்டில் கோல் இல்லாவிட்டால் நீளமான ஸ்க்ரூடிரைவர் போதும். செய்யும் முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பலரும் தவறு செய்வது இங்கேதான். வாட்டர் ஹீட்டரின் மின்சாரத்தை முதலில் அணைத்துவிடுங்கள். கைகழுவும் தொட்டிக்கு அடியில், சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆங்கிள் வால்வின் உலோக உடம்பில் ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஊன்றுங்கள். கைப்பிடியைக் காதுத் துளைக்குள் செருகக் கூடாது. காதுத் துளைக்கு முன்னால் சிறு மடல் ஒன்று இருக்கிறதல்லவா, அதை உள்ளே அழுத்தித் துளையை மூடி, அதன்மேல் கைப்பிடியை வையுங்கள். மூச்சை நிறுத்துங்கள்.

முதலில் ஒரு தாழ்ந்த உறுமல் கேட்கும். ‘ஆகா, தண்ணீர்!’ என்று துள்ளிவிடாதீர்கள். அது உங்கள் கைத்தசையின் நடுக்கம். கட்டைவிரலால் காதை அடைத்தாலே கேட்கும். இதை உறுதிசெய்ய, அதே அழுத்தத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கதவு நிலையில் ஊன்றிக் கேளுங்கள். மரத்திலும் அதே உறுமல் கேட்டால் அது உங்களுடையது. வால்வில் மட்டும் அதற்கு மேல் இன்னொரு அடுக்காக, ஏற்ற இறக்கமின்றி, மணல் சரிவதுபோல ஒரு சீறல் படர்ந்திருந்தால் அது குழாயினுடையது.

அது கசிவின் சீறல்தானா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. என் கணக்கில் மற்ற எல்லாச் சோதனைகளையும்விட இதுவே மேல். ஒருவர் வால்வில் கேட்டுக்கொண்டே இருக்க, இன்னொருவர் வீட்டுக்குத் தண்ணீர் வரும் முதன்மை வால்வை மூட வேண்டும். உள்ளே அடைபட்ட நீரின் அழுத்தம் ஓட்டை வழியாக இறங்க இறங்க, சீறல் மெலிந்து, சுருதி தாழ்ந்து, சில நொடிகளிலோ சற்றுக் கூடுதல் நேரத்திலோ நின்றுபோகும். திரும்பத் திறந்தால் மறுபடியும் எழும். வால்வை மூடித் திறப்பதற்கேற்பச் சாவதும் பிழைப்பதுமாக இருக்கும் ஓசை, தண்ணீர் ஓடும் ஓசையாகத்தான் இருக்க முடியும். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலுக்கும் அடுத்த வீட்டு மோட்டாருக்கும் உங்கள் வால்வைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. ஹீட்டருக்குப் போகும் வால்வை மட்டும் தனியாக மூடிப் பார்த்தால், வெந்நீர்க் குழாயா தண்ணீர்க் குழாயா என்பதும் தெரிந்துவிடும். பாதிச் சுவர்கள் சந்தேகத்திலிருந்து விடுபடும்.

அமைதியைத் தயாரிப்பது

கசிவின் ஓசைக்கு வலு கிடையாது. அதனிடம் இருப்பது பிடிவாதம். பேச்சு நிற்கும், வண்டி கடந்துபோகும், மின்விசிறி ஓயும், கசிவு மட்டும் ஒரு நொடியும் நிற்காது. தெருக்குழாய்களில் இரவு முழுவதும் பொருத்திவைக்கும் ஒலிப்பதிவுக் கருவிகள் இந்தக் குணத்தை நம்பியே இயங்குகின்றன. எவ்வளவு உரக்கக் கேட்டது என்று அவை பார்ப்பதில்லை. மிகக் குறைந்தபட்சம் எவ்வளவு கேட்டது என்று பார்க்கின்றன. இரவின் மிக அமைதியான நேரத்திலும் ஓசை ஓர் அளவுக்குக் கீழே இறங்க மறுத்தால், அருகில் எங்கோ ஒன்று ஓயாமல் ஓடுகிறது.

அதனால் காதைத் தீட்டுவதற்கு முன் வீட்டை அமைதிப்படுத்த வேண்டும். நள்ளிரவு தாண்டி இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் உகந்த நேரம். சத்தம் குறைந்திருக்கும் என்பது ஒரு காரணம். ஊரே தண்ணீர் பயன்படுத்தாததால் பொதுக்குழாயில் அழுத்தம் ஏறியிருக்கும் என்பது இன்னொன்று. அழுத்தம் ஏறினால் சீறலும் ஏறும். குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, மீன்தொட்டியின் காற்றுப்பம்பு, இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள எந்தச் சாதனமும் ஒரே சுருதியில் ரீங்கரிக்கும். 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) மின்சாரத்தில் அது 100 ஹெர்ட்ஸாக ஒலிக்கும். பிளாஸ்டிக் குழாயின் கசிவு ஒலிக்கும் எல்லைக்கு மிக அருகில் இருப்பதால் குழப்பும். ஒன்றை வைத்து அடையாளம் காணலாம்: ரீங்காரத்துக்குச் சுருதி உண்டு, அதோடு சேர்ந்து முணுமுணுத்துப் பாட முடியும். கசிவோடு பாட முடியாது.

அதற்கும் முன்னால் தண்ணீர் மீட்டரைப் பார்க்க வேண்டும். எல்லாத் திருகுகுழாய்களையும் மூடிவிட்ட பிறகும் மீட்டர் முகப்பில் உள்ள சின்ன முக்கோணமோ நட்சத்திரச் சக்கரமோ சுழன்றால் கசிவு உண்டு. சுழலாவிட்டால் காதுக்கு வேலையில்லை, வேறு காரணம் தேடலாம். சுழன்றால், அடுத்து ஃப்ளஷ் தொட்டி. வீட்டுக்குள் ஓயாமல் தண்ணீரைக் குடிக்கும் பெரிய திருடன் பல வீடுகளில் அதுதான். தொட்டி நீரில் கொஞ்சம் உணவு வண்ணம் கலந்துவிட்டு அரைமணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் இருந்தால், கிண்ணத்தில் வண்ணம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். சுவரை உடைக்கச் சொல்லி ஆள் வரவழைத்த பிறகு ஃப்ளஷ் தொட்டியின் ரப்பர் மூடியை மாற்றிச் சரிசெய்த கதைகள் இந்தத் தொழிலில் ஏராளம்.

பாதி திறந்திருக்கும் வால்வுகளை முழுக்கத் திறந்துவிடுவதும் முக்கியம். இது நுட்பமான பொறி. கசிவு எங்கோ இருக்க, அதற்குப் போகும் நீர் வழியில் பாதி மூடிய வால்வு ஒன்றைக் கடந்தால், அந்த இடுக்கில் நெருக்குண்டு அங்கேயும் சீறும். ஓட்டையைவிட வால்வு உரக்கச் சீறுவதும் உண்டு. முதன்மை வால்வை மூடினால் இந்த ஓசையும் நின்றுவிடும் என்பதால் மேலே சொன்ன சோதனையிலும் இது தப்பிவிடும். அழுத்தக் குறைப்பு வால்வும் இதே வேலையைச் செய்யும்.

குழாய் எதனால் ஆனது

உலோகக் குழாயில் தேடுவது ஒரு வேலை, பிளாஸ்டிக்கில் தேடுவது வேறு வேலை. ஜிஐ எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களும் செம்புக் குழாய்களும் விறைப்பானவை. உயர்சுருதிச் சீறலை அதிகம் தேய்க்காமல் கடத்திச் செல்கின்றன. ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டிய ஒலிகள்கூட இவற்றில் பத்துப் பதினைந்து மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். பிவிசி, சிபிவிசி, பாலிஎத்திலீன் ஆகியவை மெத்தென்ற பொருள்கள். நீரில் அழுத்த அலை வரும்போது குழாயின் சுவர் சற்று உப்பிக் கொடுக்கிறது. உப்பும்போதெல்லாம் ஆற்றலை விழுங்குகிறது. உயர்சுருதிகள் முதலில் சாகும். மிஞ்சுவது சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒரு மந்தமான முனகல். நம் காதுக்கு அந்த எல்லையில் கூர்மை குறைவு. வீட்டுச் சத்தங்களும் அங்கேதான் குவிந்திருக்கின்றன.

இதே உப்புதல் ஒலியின் வேகத்தையும் குறைக்கிறது. திறந்த நீர்ப்பரப்பில் ஒலி நொடிக்கு சுமார் 1,480 மீட்டர் போகிறது. செம்பு, இரும்புக் குழாய்களில் அடைபட்ட நீரில் இது 1,200 முதல் 1,400 வரை. பிவிசியில் ஏறத்தாழ 500. பாலிஎத்திலீனில் 300 அளவுக்கு விழுந்துவிடும். குழாயின் விட்டம், கனம், விறைப்பு ஆகியவற்றிலிருந்து இந்த வேகத்தைக் கணக்கிடும் சூத்திரத்தை நெதர்லாந்து கணிதவியலாளர் டீடெரிக் கோர்ட்டவெக் 1878-இலேயே தந்துவிட்டார். ஒரு நூற்றாண்டு கழித்து அது கசிவைத் தேடும் கருவிகளுக்குள் போய் உட்கார்ந்தது.

பிளாஸ்டிக் குழாயின் மந்தத்தில் ஒரு வசதியும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஓசை வெகுதூரம் போகாததால், எங்கே கேட்கிறதோ அதற்கு அருகில்தான் கசிவு இருக்கும். உலோகக் குழாயில் வீட்டின் எல்லா வால்வுகளும் ஒன்றுபோலச் சீறி எதை நம்புவது என்று தெரியாமல் செய்யும். பிளாஸ்டிக்கில் கேட்பது அரிது, கேட்டால் நம்பலாம்.

புள்ளியை நெருங்குவது

முதல் உலகப் போரில் எதிரி அகழிகளுக்கு அடியில் சுரங்கம் தோண்டுவதைக் கண்டறிய பிரெஞ்சு இயற்பியலாளர் ஜான் பெரன் ஒரு நிலக்கேட்புக் கருவியை வடிவமைத்தார். பின்னாளில், 1926-இல், நோபல் பரிசு பெற்றவர் இவர். மரவட்டுக்குள் மைக்கா தகடுகளுக்கு நடுவே பாதரசம்; அதிலிருந்து காதுக்கு ஒரு ரப்பர் குழல். இரண்டு வட்டுகளைத் தரையில் வைத்து ஒவ்வொரு காதுக்கும் ஒன்றாக இணைத்துக்கொள்வார்கள். இரு காதிலும் ஓசை சமமாகும்வரை வட்டுகளை நகர்த்தினால் தோண்டும் திசை தெரியும். போர் முடிந்த பிறகு சுரங்க மீட்புப் பணிக்கும் இது போனது. தரையில் வைத்துக் கசிவைக் கேட்க உதவும் இன்றைய தரை மைக்குகள் இந்தக் குடும்பத்தின் மின்னணு வாரிசுகள். பாதரசத்துக்குப் பதில், அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகங்கள். அந்தப் பண்பைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தார்கள். ஹெட்ஃபோனும், வேண்டாத சுருதிகளை வடிகட்டும் பொத்தான்களும் சேர்ந்துகொண்டன.

தரை மைக்கைப் பயன்படுத்துபவர் செய்வது மிகவும் அலுப்பான வேலை. குழாய் போகும் தடத்தில் அரையடிக்கு ஓரிடமாக மைக்கை வைத்து, ஒவ்வோரிடத்திலும் ஓசை நிலைத்த பிறகு அளவைக் குறித்துக்கொண்டு நகர்கிறார். நகரும்போது ஹெட்ஃபோனை ஊமையாக்கிவிடுகிறார். இல்லையென்றால் உரசும் ஒலி காதைக் கிழித்துவிடும். முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை நடந்து, எங்கே உச்சம் வருகிறது என்று பார்க்கிறார். ஓர் இடத்தின் ஓசைக்குத் தனியாக எந்தப் பொருளும் கிடையாது. பக்கத்து இடத்தோடு ஒப்பிடும்போதுதான் அது பேசத் தொடங்குகிறது.

அப்போதும் உச்சம் ஏமாற்றும். அடியில் கலவை பற்றாமல் பொந்தாக நிற்கும் டைல் ஒரு பறைபோல வேலை செய்கிறது. கசிவு ஒரு மீட்டர் தள்ளி இருந்தாலும் அந்த டைல்தான் உரக்க ஒலிக்கும். மைக்கை வைப்பதற்கு முன் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, ‘டொக் டொக்’ என்று பொந்தாக ஒலிக்கும் டைல்களில் சாக்பீஸால் ஓர் அடையாளம் போட்டுவைப்பது நல்லது. எல்போ, டீ போன்ற வளைவுகளில் நீர் திரும்பும்போதும் ஓசை கூடும். குழாய் மேலெழும்பி வரும் இடத்திலும் அப்படியே; ஆழம் குறையக் குறைய ஓசை தானாகக் கூடும். மண் தளர்ந்திருந்தால் ஓசையை விழுங்கும், இறுகியிருந்தால் கடத்தும், நீரில் ஊறிக் கிடந்தால் பெரும்பாலும் அமுக்கிவிடும்.

இந்த ஏமாற்று வேலைகளிலிருந்து தப்பிக்க 1970-களிலிருந்து புழக்கத்துக்கு வந்த கருவிதான் ஒலி ஒப்பீட்டுக் கருவி. இது உரத்த இடத்தைத் தேடுவதில்லை, நேரத்தை அளக்கிறது. குழாயின் இரு முனைகளில் உள்ள வால்வுகளில் ஒவ்வோர் உணரியைப் பொருத்துகிறார்கள். ஒரே சீறல் இரண்டுக்கும் போய்ச் சேர்கிறது. அருகில் உள்ளதற்கு முதலில், தொலைவில் உள்ளதற்குச் சற்றுத் தாமதமாக. இரண்டு பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தி நகர்த்திப் பார்த்து, எந்தத் தாமதத்தில் அவை கச்சிதமாகப் பொருந்துகின்றன என்று கருவி கண்டுபிடிக்கிறது. கசிவின் சீறல் ஒழுங்கற்றது. ஒரு நொடியின் சீறல் அடுத்த நொடியில் அப்படியே திரும்புவதில்லை. அந்த ஒழுங்கின்மையே அதன் கைரேகை, அதனால்தான் ஒரே ஒரு தாமதத்தில் மட்டும் பொருந்துகிறது.

கணக்கு எளிது. இரு உணரிகளுக்கு இடையே 12 மீட்டர் செம்புக் குழாய். தாமதம் 5 மில்லிநொடி. ஒலியின் வேகம் 1,250 மீட்டர் என்றால், அந்தத் தாமதத்தில் ஒலி கடக்கும் தூரம் 6.25 மீட்டர். மொத்த நீளத்திலிருந்து அதைக் கழித்து இரண்டால் வகுத்தால், முதலில் ஓசை எட்டிய உணரியிலிருந்து கசிவு ஏறக்குறைய 2.9 மீட்டரில் இருக்கிறது. சரி, அந்தச் சுவருக்குள் இருப்பது செம்பு இல்லை, பழைய பராமரிப்பில் யாரோ பிவிசியாக மாற்றிவிட்டார்கள் என்று வையுங்கள். வேகம் 500. அதே தாமதம், அதே 12 மீட்டர், விடை 4.75 மீட்டர் ஆகிவிடுகிறது. கருவி துளியும் தவறு செய்யவில்லை. உளி மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் தள்ளி இறங்குகிறது. வீடு கட்டும்போது குழாய்த் தடத்தைப் படமெடுத்து வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் நிம்மதியாக இருப்பார்கள். பாதி செம்பு, பாதி பிளாஸ்டிக் என்று கலந்து கிடக்கும் குழாயில் இரண்டு வேகங்களையும் நீளங்களையும் தனித்தனியாகக் கொடுத்தாக வேண்டும். நீளத்தை ஊகித்தால் விடையும் ஊகம்தான்.

காது தோற்கும் இடங்கள்

கழிவுநீர்க் குழாயின் கசிவை இப்படித் தேட முடியாது. அதில் அழுத்தம் இல்லை. நீர் சும்மா வழிந்து போகிறது, சீறுவதற்கு எதுவும் இல்லை. ஈரம் குளித்த பிறகு மட்டும் கூடுகிறது, மீட்டர் அசையவே இல்லை என்றால் சந்தேகம் கழிவுக் குழாயின் மேலோ டைல்ஸ் இடுக்கின் மேலோ விழ வேண்டும். வண்ணம் கலந்த நீரை ஊற்றிப் பார்ப்பதே வழி.

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வெறும் ஈர்ப்பு விசையால் நீர் இறங்கும் வீடுகளில் இன்னொரு தொல்லை. தொட்டிக்கும் கசிவுக்கும் 6 மீட்டர் உயர வேறுபாடு என்றால் அழுத்தம் 0.6 பார்தான். நீர் வெளியேறும் வேகம் நொடிக்கு 11 மீட்டருக்கும் கீழே போய்விடும். ஓசை அதைவிட அதிகமாகக் குறையும். ஸ்க்ரூடிரைவரில் எதுவும் கேட்காமல் போகலாம். அப்போது தொட்டியிலிருந்து வரும் குழாயை அடைத்துவிட்டு, கைப்பம்பால் அந்தக் குழாய்வரிசைக்கு மட்டும் அழுத்தம் ஏற்றிக் கேட்பது வழக்கம். குழாய் தாங்கும் அளவை மீறக் கூடாது, ஹீட்டரைத் துண்டித்துவிட வேண்டும். இதைப் பழகியவர் கையில் விடுவதே நல்லது. நீரோடு கொஞ்சம் காற்றையும் செலுத்தினால் ஓட்டை வழியே குமிழிகள் கொப்பளித்து வெளியேறும். மின்னார்ட்டின் குமிழிகள் இங்கே நம் பக்கம் நின்று சத்தம் போடுகின்றன. நீச்சல் குளக் குழாய்களில் கசிவு தேடுபவர்களுக்கு இது அன்றாட உத்தி.

அதுவும் பலிக்காத இடத்தில் வாயு இருக்கிறது. குழாயைக் காலிசெய்து, 5 விழுக்காடு ஹைட்ரஜனும் 95 விழுக்காடு நைட்ரஜனும் கலந்த வாயுவைச் செலுத்துவார்கள். அந்தக் கலவை தீப்பற்றாது. ஹைட்ரஜன் மூலக்கூறு மிகச் சிறியது. காரை, டைல்ஸ் இடுக்கு எல்லாவற்றையும் ஊடுருவி மேலே வந்துவிடும். தரையில் ஒரு மோப்பக் கருவி அதைப் பிடிக்கும். ஓசையும் வாயுவும் ஒரே இடத்தைக் காட்டினால் தைரியமாக உடைக்கலாம்.

கைபேசியைச் சுவரில் வைத்துக் கேட்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். கைபேசியின் மைக் காற்றில் வரும் ஒலிக்காகச் செய்யப்பட்டது. சுவரைத் தொட்டாலும் அது கேட்பது காற்றைத்தான். அதைவிடப் பெரிய சிக்கல் உள்ளே இருக்கிறது. பேச்சைத் தெளிவாக்க, கைபேசி பின்னணி இரைச்சலை அழிக்கிறது. ஏற்ற இறக்கமில்லாமல் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் அது இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். கசிவின் சீறல் அந்த வரையறைக்கு அச்சு அசலாகப் பொருந்துவதால், நாம் தேடுவதை முதலில் துடைத்தெறிவது கைபேசிதான். அந்த வடிகட்டியை நிறுத்திவிட்டு, படிகத்தால் ஆன தொடுமைக் ஒன்றை இணைத்துக்கொண்டால் கைபேசி ஓரளவு உருப்படியான கருவியாகும். வெறும் செயலியை நம்பி உடைப்பதைவிட ஸ்க்ரூடிரைவர் மேல்.

ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு பலரும் அன்று மாலையே சிமெண்டைப் பூசிவிடுகிறார்கள். ஒரு கசிவு அடைபட்டதும் குழாயில் அழுத்தம் கூடும். அதுவரை பெரிய சீறலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த இரண்டாவது ஓட்டை அப்போதுதான் வாயைத் திறக்கும். பழைய ஜிஐ குழாயில் ஓரிடத்தில் துரு தின்றிருந்தால் பக்கத்தில் இன்னோரிடத்திலும் தின்றிருப்பது வழக்கம். பள்ளத்தை ஓரிரவு திறந்தே வைத்திருங்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, மீட்டரின் சின்ன முக்கோணத்தைப் பார்த்துவிட்டு, அதே ஆங்கிள் வால்வில் அதே ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் கேளுங்கள். கைத்தசையின் உறுமல் மட்டும் கேட்டால், காலையில் கொத்தனாரை வரச் சொல்லலாம்.